தசைநாண் வலிக்கு மாத்திரை போடும் முன்

குதிகாலுக்கு மேலே தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நார்க்கற்றை) வலிக்கிறது என்று வருபவர்களிடம், இயன்முறை மருத்துவராக நான் முதலில் கேட்பது "எத்தனை நாளாக?" என்றுதான். மாத்திரை வேண்டுமா என்பது அதைப் பொறுத்தது.

அடிபட்டுச் சில நாளே ஆகியிருந்தால் இப்யூபுரூஃபன், டைக்ளோஃபினாக் பக்கம் அவசரப்பட்டுப் போகாதீர்கள். இவை அழற்சியைத் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருளின் சுரப்பைத் தடுப்பவை. ஆரம்ப அழற்சிதான் பழுதுபார்க்கும் செல்களை அங்கே வரவழைக்கிறது. தசைநாணை எலும்போடு தைத்த பிறகு இந்த மாத்திரைகள் ஒட்டுதலைப் பலவீனமாக்குவதை விலங்கு ஆய்வுகள் பலவற்றில் கண்டிருக்கிறார்கள், எல்லாவற்றிலும் அல்ல. ஆகவே அறுவை செய்துகொண்டவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். வலி தாங்கவில்லை என்றால் பாரசிட்டமால் போதுமா என்று கேளுங்கள். (இதயத்துக்காக ஆஸ்பிரின் எடுப்பவர்கள் அதை நிறுத்திவிடாதீர்கள்!)

மாதக்கணக்கில் இழுக்கும் வலியில் அழற்சி குறைவு. நார்கள் குலைந்து கிடப்பதே அங்கே சிக்கல். மாத்திரை அதைச் சரிசெய்யாது. படி விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, குதிகாலை மெதுவாகக் கீழே இறக்குங்கள். ஒரு சுற்றுக்கு 15 தடவை, 3 சுற்று, தினம் இருவேளை, 12 வாரம். வலி மாத்திரை போட்டுக்கொண்டு இதைச் செய்யாதீர்கள். எவ்வளவு தாங்கும் என்று சொல்வது வலிதான். மறுநாள் காலை எழுந்து வைக்கும் முதல் அடியில் வலி கூடியிருந்தால் எண்ணிக்கையைக் குறையுங்கள்.