கிங்ஸ்னேக் நிறங்கள்: பெயரை நம்பி ஏமாறும் இடங்கள்

கறுப்பு வெள்ளைப் பட்டை போட்ட பாம்பைக் கண்டால் நம்மவர் வாயில் முதலில் வருவது ‘கட்டுவிரியன்’. அதே பாம்பு உடம்பில் பொட்டுக் கறுப்பில்லாமல், வெளிர்மஞ்சளும் இளஞ்சிவப்புமாக, கண் சிவந்து கிடந்தால் என்ன பெயர் சொல்வது? பட்டையே இல்லாமல் முதுகு நெடுக ஒரு வெள்ளைக் கோடு மட்டும் ஓடினால்? மூன்றும் கலிஃபோர்னியா கிங்ஸ்னேக் என்ற ஒரே இனமாக இருக்க முடியும். வெளிநாட்டு வளர்ப்பாளர்கள் இந்த மாறுபாடுகளை ‘மார்ஃப்’ என்பார்கள். அல்பினோ, லேவண்டர், ஹைப்போ, கோஸ்ட், ஸ்னோ என்று பெயர்ப்பட்டியல் நீளும். குழப்பமும் அங்கேதான் தொடங்குகிறது. பெயர் கண்ணுக்குத் தெரிவதைச் சொல்கிறது. மரபணுவைச் சொல்வதில்லை.

பாம்பின் பெயரிலேயே ஒரு தவறு நடக்கிறது. கிங்ஸ்னேக்கை ‘ராஜநாகம்’ என்று தமிழாக்கிவிடுகிறார்கள். ராஜநாகம் என்பது கிங் கோப்ரா. கடும் நஞ்சுள்ளது, சிங்கப்பூர்க் காடுகளிலும் அரிதாகத் தென்படுவது. கிங்ஸ்னேக் அமெரிக்கக் கண்டத்துப் பாம்பு, நஞ்சில்லாதது. இரண்டுக்கும் ‘ராஜா’ பட்டம் வந்த காரணம் மட்டும் ஒன்று: இரண்டுமே மற்றப் பாம்புகளை விழுங்கும். கிங்ஸ்னேக் நஞ்சுள்ள ராட்டில்ஸ்னேக்கைக்கூட விடாது.

‘வளர்ப்புப் பாம்புதானே, வாங்கலாம்’

முடியாது. சிங்கப்பூரில் வீட்டில் பாம்பு வளர்க்க அனுமதி இல்லை. எந்த நிறமானாலும், எத்தனை தலைமுறை கூண்டில் பிறந்ததானாலும் இதே விதிதான். ‘கலிஃபோர்னியா கிங்ஸ்னேக் சைட்டிஸ் பட்டியலில் இல்லையே’ என்று சிலர் வாதிடுவதுண்டு. சைட்டிஸ் என்பது நாடுகளுக்கிடையே நடக்கும் உயிரின வணிகத்துக்கான உடன்படிக்கை. அதில் பெயர் இல்லாததால் இங்கே வளர்க்க உரிமை வந்துவிடாது. ஜோகூரில் வாங்கிக் கடற்பாலம் வழியாகக் கொண்டுவருவதும் சட்டவிரோத இறக்குமதிதான்.

தடைக்குக் காரணம் வேண்டுமென்றால் ஸ்பெயினின் கிரான் கனாரியா தீவைப் பார்க்கலாம். அங்கே வளர்ப்பிலிருந்து தப்பிய கலிஃபோர்னியா கிங்ஸ்னேக்குகள் 1998-இலிருந்து இயற்கையில் காணப்படுகின்றன. அவற்றில் அல்பினோக்களும் கணிசம். ‘அல்பினோ வெளியே பிழைக்காது, பருந்து தூக்கிவிடும்’ என்ற நம்பிக்கை அந்தத் தீவில் பொய்த்துப்போனது. பெரும்பொழுதை மண்ணுக்கடியில் கழிக்கும் பாம்புக்குத் தோல் நிறம் அவ்வளவு பெரிய பாதகமில்லை. பாம்பு பரவிய பகுதிகளில் அத்தீவுக்கே உரிய பல்லி இனங்கள் பெருமளவு அழிந்ததை 2021-இல் வெளியான ஆய்வு காட்டியது. பாம்புக்குப் பழகாத சிறு தீவில் நடந்த கதை அது. நம்முடையதும் சிறு தீவுதான்.

ஆகவே இனி வருவது வாங்குவதற்கான வழிகாட்டி அல்ல. விலங்குத் தோட்டத்திலும் இணையத்திலும் இந்தப் பாம்புகளைப் பார்ப்பவர்களுக்கும், மரபியல் படிக்கும் மாணவர்களுக்கும், அனுமதியுள்ள நாடுகளில் வளர்க்கும் உறவினரோடு பேசுபவர்களுக்கும் உரியது.

அல்பினோ என்றால் வெள்ளை என்று நினைப்பது

பாம்பின் தோலில் மூன்று வகை நிற உயிரணுக்கள் உண்டு. ஒன்றில் கறுப்பும் பழுப்பும் தரும் மெலனின் இருக்கிறது. இன்னொன்றில் மஞ்சள், சிவப்பு நிறமிகள். மூன்றாவதில் நிறமியே கிடையாது. நுண்ணிய படிகங்கள் ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன. அல்பினோவில் மெலனின் மட்டும்தான் போகிறது. மஞ்சளும் சிவப்பும் அப்படியே நிற்கும். அதனால் அல்பினோ கிங்ஸ்னேக்கில் கறுப்புப் பட்டை இருந்த இடம் இளஞ்சிவப்பாகவும், வெளிர்ப்பட்டை மஞ்சளாகவோ தந்த நிறமாகவோ தெரியும். கண் சிவப்பாக இருக்கும்.

மஞ்சள் நிறமி போனது ‘ஆக்ஸாந்திக்’. கறுப்பும் சாம்பலும் வெள்ளையும் எஞ்சும். இரண்டு குறைபாடும் ஒரே பாம்பில் சேர்ந்தால்தான் ஏறக்குறைய முழு வெள்ளையான ‘ஸ்னோ’ வரும். மெலனின் குறைந்து, ஆனால் முற்றிலும் போகாமல் இருப்பது ‘ஹைப்போ’. ஹைப்போவும் ஆக்ஸாந்திக்கும் சேர்ந்ததைப் பெரும்பாலும் ‘கோஸ்ட்’ என்பார்கள். உடம்பு முழுதும் வெள்ளை, ஆனால் கண் கறுப்பு அல்லது நீலம் என்றால் அது அல்பினோவே அல்ல, லூசிஸ்டிக். ஆகவே படத்தில் முதலில் பார்க்க வேண்டியது கண்ணைத்தான், உடம்பை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

கணக்கில் நடக்கும் தவறுகள்

அல்பினோ ஓர் ஒடுங்கு பண்பு. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதிகளும் மாறியிருந்தால்தான் வெளியே தெரியும். ஒரு பிரதி மட்டும் மாறியிருந்தால் பாம்பு சாதாரண நிறத்திலேயே இருக்கும், ஆனால் பண்பை உள்ளே சுமக்கும். அதைத்தான் ‘ஹெட்’ என்கிறார்கள். சொந்தத்துக்குள் திருமணம் செய்தால் சில நோய்கள் பிள்ளைக்கு வரலாம் என்று மருத்துவர் எச்சரிப்பதும் இதே கணக்கால்தான்.

அல்பினோவைச் சாதாரணப் பாம்போடு சேர்த்தால் பிறப்பவை அத்தனையும் சாதாரண நிறம், அத்தனையும் ஹெட். முதல் முறை இணைசேர்த்தவர்கள் ‘ஒன்றுகூட அல்பினோ இல்லையே, ஏமாற்றிவிட்டார்கள்’ என்று சொல்வது இங்கேதான். ஏமாற்று எதுவும் இல்லை, கணக்கே அப்படி. அந்த ஹெட்டுகளில் இரண்டைச் சேர்த்தால் ஒவ்வொரு முட்டைக்கும் கால் பங்கு வாய்ப்பு.

‘ஒவ்வொரு முட்டைக்கும்’ என்பதை ‘நாலில் ஒன்று கட்டாயம்’ என்று படிப்பது அடுத்த தவறு. எட்டு முட்டையில் ஒன்றுகூட அல்பினோ வராமல் போக ஏறக்குறைய 10% வாய்ப்பு உண்டு. அல்பினோ, ஆக்ஸாந்திக் இரண்டையும் உள்ளே சுமக்கும் ‘இரட்டை ஹெட்’ இரண்டைச் சேர்த்து ‘ஸ்னோ’ எதிர்பார்த்தால் முட்டைக்கு 16-இல் ஒரு பங்குதான். அப்படிப் பதினாறு முட்டை பொரிந்தாலும், ஒரு ஸ்னோவும் இல்லாமல் போக 36% வாய்ப்பு இருக்கிறது. ஒரு பெண் பாம்பு ஒரு முறைக்கு பத்து முட்டைக்குள் இடுவதுதான் வழக்கம் என்பதையும், குட்டி முதிர்ந்து முட்டையிட இரண்டு மூன்று ஆண்டு ஆகும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ‘இரண்டே வருடத்தில் ஸ்னோ’ என்ற பேச்சு எவ்வளவு காற்று என்பது புரியும்.

விளம்பரத்தில் ‘66% ஹெட்’ என்று இருக்கும். பாம்பின் உடம்பில் 66% அல்பினோ இரத்தம் ஓடுகிறது என்று இதற்குப் பொருள் சொல்பவர்களும் இருக்கிறார்கள். ஹெட் இரண்டைச் சேர்த்துப் பிறந்த சாதாரண நிறக் குட்டிகளில் மூன்றில் இரண்டு ஹெட்டாக இருக்கும். எந்த இரண்டு என்று கண்ணால் சொல்ல முடியாது. எனவே ஒவ்வொன்றுக்கும் ‘இருக்கலாம்’ என்ற முத்திரை. ஒரு தனிப் பாம்பு ஹெட்டாக இருக்கும், அல்லது இருக்காது. இடைநிலை கிடையாது. ‘50%’ என்றால் பெற்றோரில் ஒன்று ஹெட், மற்றது சாதாரணம் என்று பொருள். ‘100%’ என்றால் பெற்றோரில் ஒன்று கண்ணுக்குத் தெரியும் அல்பினோ.

சந்தேகத்தை எப்படித் தீர்ப்பது? ஐயத்துக்குரிய பாம்பை ஒரு அல்பினோவோடு சேர்க்க வேண்டும். ஒரு குட்டி அல்பினோவாகப் பிறந்தால் அன்றே நிரூபணம். அது உண்மையில் ஹெட்டாக இருந்தால், ஆறு குட்டிகளும் சாதாரணமாகவே பிறக்க 64-இல் ஒரு வாய்ப்புதான். அப்படி ஆறும் சாதாரணமாகப் பிறந்துவிட்டால் ‘ஹெட் இல்லை’ என்று பெரும்பாலும் முடிவு கட்டலாம். அல்பினோவுக்குப் பதில் இன்னொரு ஹெட்டோடு சேர்த்துச் சோதித்தால் ஏறக்குறைய அதே உறுதிக்குப் பதினைந்து குட்டி வேண்டும். இடையில் வேறு ஆணோடு இணைந்த பெண் பாம்பு விந்தைச் சேமித்து வைத்திருக்கக்கூடும் என்பதையும் மறந்துவிடக் கூடாது. தந்தை யாரென்று தெரியாத குட்டிகளை வைத்துப் போடும் கணக்கு எதற்கும் உதவாது.

ஒரே தோற்றம், ஒரே மரபணு என்று முடிவு கட்டுவது

இரண்டு வெவ்வேறு வழித்தோன்றல்களில் வந்த அல்பினோக்களைச் சேர்த்தால் குட்டிகள் அத்தனையும் அல்பினோவாகத்தானே பிறக்க வேண்டும்? மாற்றம் நடந்தது இரண்டிலும் ஒரே மரபணுவில் என்றால் அப்படித்தான். வெவ்வேறு மரபணுக்களில் என்றால் அத்தனையும் சாதாரண நிறத்தில் பிறந்து வளர்ப்பவரைத் தலையில் கைவைக்க வைக்கும். ஒன்றின் குறையை மற்றது நிரப்பிவிடுகிறது. ‘லேவண்டர்’ (வெளிர் ஊதாச் சாயலுள்ள அல்பினோ), ‘ஹைப்போ’ போன்ற பெயர்களில் இந்தச் சோதனை இல்லாமல் எதையும் சொல்லக் கூடாது.

கிங்ஸ்னேக்கின் உறவான கார்ன் ஸ்னேக்கில் அல்பினோவுக்குக் காரணம் ஓசிஏ2 என்ற மரபணுவுக்குள் ஒரு தாவும் மரபணுத் துண்டு புகுந்ததுதான் என்று 2015-இல் கண்டறிந்தார்கள். மனிதரின் ஒருவகை அல்பினிசத்துக்கும் இதே மரபணுதான் காரணம். சுவையான செய்தி. ஆனால் அதை அப்படியே கிங்ஸ்னேக்குக்கும் ஒட்டிவிடுகிறார்களே, அதுதான் தவறு. ஒவ்வொரு இனத்திலும் தனித்தனியாகப் பார்த்தால்தான் தெரியும்.

‘ஹை யெல்லோ’, ‘ஹை வைட்’ போன்ற பெயர்கள் பெரும்பாலும் ஒற்றை மரபணுவைக் குறிப்பதே இல்லை. மஞ்சள் கூடுதலாக உள்ளவற்றைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்துச் சேர்த்ததன் விளைவு அது. இங்கே கால், அரை என்ற கணக்கு செல்லாது.

இயற்கையானதை மார்ஃப் என்பது

பட்டை போட்டதும் கோடு போட்டதும் வெவ்வேறு இனம் என்றுதான் ஒரு காலத்தில் அறிவியலாளரே நினைத்தார்கள். இரண்டும் ஒரே தாயின் முட்டைகளிலிருந்து வருவதைக் காட்டி, ஒரே இனத்தின் இரு தோற்றம் என்று 1936-இல் எழுதியவர் சான் டியாகோவின் லாரன்ஸ் கிளாபர். அவருக்குப் பிழைப்பு மின்சார நிறுவன வேலை; பாம்பு பொழுதுபோக்காகத் தொடங்கியது. கோடு என்பது கூண்டில் ‘உருவாக்கிய’ வகை என்று இன்றும் எழுதுகிறார்கள். சான் டியாகோ வட்டாரத்தில் அது காட்டிலேயே உண்டு.

மெக்சிகன் பிளாக் கிங்ஸ்னேக்கும் அப்படித்தான். அதன் கறுப்பு இயல்பான நிறம், மாறுபாடு அல்ல. குட்டியில் தாடையிலும் தொண்டையிலும் வெளிர்ப்புள்ளிகள் இருந்து வளர வளர மங்குவதுண்டு. அதைப் பார்த்துக் ‘கலப்பு’ என்று தள்ளுவது அவசரம். மறுபக்கம், கறுத்த கலிஃபோர்னியா கிங்ஸ்னேக்கை மெக்சிகன் என்று விற்பதும் நடக்கிறது. கிங்ஸ்னேக்கும் கார்ன் ஸ்னேக்கும் கலந்து பிறக்கும் ‘ஜங்கிள் கார்ன்’ இனப்பெருக்கத் திறனுள்ளது என்பதால், இரண்டு மூன்று தலைமுறை கழித்துக் கலப்பைக் கண்ணால் பிடிப்பது கடினம். பெற்றோரின் பதிவு இல்லாத ‘புது நிறம்’ எதுவானாலும் முதலில் சந்தேகிக்க வேண்டியது கலப்பைத்தான்.

தவறான நேரத்தில் பார்ப்பது

ஃபுளோரிடா கிங்ஸ்னேக் குட்டியில் தெளிவான பட்டையும் பக்கவாட்டில் சிவப்பும் இருக்கும். வளர்ந்ததும் இரண்டும் கரைந்து, செதில்தோறும் மஞ்சள் தெறித்தாற்போல் ஆகிவிடும். குட்டிப் படத்தையும் வளர்ந்த படத்தையும் பக்கத்தில் வைத்து ‘இரண்டு மார்ஃப்’ என்று சொன்னால் தவறு. சட்டை உரிப்பதற்கு ஓரிரு வாரம் முன்பிருந்தே கண் பால்போல் நீலம் பூத்து, தோல் மங்கிச் சாம்பல் பூசியதுபோல் ஆகும். அந்த நாள்களில் எடுத்த படத்தை வைத்து ‘ஆக்ஸாந்திக்’ என்று சொல்லவே கூடாது.

முட்டையை வைத்த வெப்பமும் கோலத்தைக் குலைக்கும். கிங்ஸ்னேக் முட்டைக்கு 26 முதல் 29 டிகிரி போதும். ஏறக்குறைய இரண்டு மாதத்தில் பொரியும். 32-ஐத் தாண்டினால் முதுகெலும்பு வளைவதும், குட்டி முட்டைக்குள்ளேயே சாவதும், பட்டைகள் உடைந்து ஒழுங்கற்றுப் போவதும் உண்டு. அப்படி வந்த ஒழுங்கற்ற கோலம் மரபு வழியில் வராது. அடுத்த தலைமுறையில் திரும்ப வந்தால்தான் அதற்குப் பெயர் வைக்கலாம்.

கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதைப் படமெடுக்கும்போது வெப்ப விளக்கின் ஒளியில் வெள்ளையெல்லாம் மஞ்சளாகும். கைப்பேசியின் தானியங்கி நிறச்சமன் ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு மாதிரி முடிவெடுக்கும். அதே ஒளியில் ஒரு வெள்ளைத் தாளை முதலில் படமெடுத்து, அதைக் கொண்டு நிறச்சமனைச் சரிசெய்தால் பாதிச் சிக்கல் தீரும். லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டி வைக்க வேண்டும், ஃபிளாஷ் கூடாது. நிறத்தை அடையாளம் காண மேலிருந்து முழு உடம்பு, அடிவயிறு, கண் ஆகிய மூன்று படமும் வேண்டும். ஒரே அழகான படம் போதாது.

வீவக கீழ்த்தளத்தில் பட்டைப் பாம்பைப் பார்த்தால்

எல்லாவற்றிலும் ஆபத்தான தவறு இதுதான். கிங்ஸ்னேக் படங்களைப் பார்த்துப் பழகிய கண், கறுப்பு வெள்ளைப் பட்டையைப் பார்த்ததும் ‘யாரோ வளர்த்தது தப்பிவிட்டது’ என்று நினைக்கும். சிங்கப்பூரில் கறுப்பு வெள்ளைப் பட்டை போட்ட மலாயக் கட்டுவிரியன் உண்டு, கறுப்பு மஞ்சள் பட்டை போட்டதும் உண்டு. இரண்டும் கொடிய நஞ்சுள்ளவை, இரவில் நடமாடுபவை. அரிதுதான், ஆனால் தப்பிவந்த கிங்ஸ்னேக் அதைவிட அரிது. வீடுகளை ஒட்டி அடிக்கடி தென்படும் ஓநாய்ப் பாம்பு நஞ்சில்லாதது. அதிலும் வெளிர்க்கோடுகள் உண்டு என்பதால் குழப்பம் இன்னும் கூடும். கட்டுவிரியனின் நடுமுதுகுச் செதில் வரிசை பெரிதாக, அறுகோணமாக இருக்கும். ஆனால் அதைப் பார்க்கும் அளவுக்குப் பக்கத்தில் போகவே கூடாது. நஞ்சுள்ள பவளப்பாம்பை அடையாளம் காணச் சொல்லும் ‘சிவப்புக்குப் பக்கத்தில் மஞ்சள்’ என்ற வட அமெரிக்கப் பாட்டு நம் ஊர்ப் பாம்புகளுக்குப் பொருந்தாது.

சில மீட்டர் தள்ளி நின்று, பிள்ளைகளையும் செல்லப் பிராணிகளையும் விலக்கி, தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்கு உதவி மையத்தை 1800-476-1600 என்ற எண்ணில் அழைக்கவும். படம் வேண்டுமென்றால் நின்ற இடத்திலிருந்தே ஜூம் செய்து எடுக்கவும்.