ஜப்பான் பேக்கரியில் திருதிருவென்று முழிக்காமல் பன் வாங்குவது எப்படி?

கியோட்டோவில் மூன்றாம் நாள் காலை, ரயிலுக்கு இருபது நிமிடம் இருக்கும்போது, ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு சின்ன பேக்கரிக்குள் பசியோடு நுழைந்து நான் அடித்த கூத்துதான் இந்தப் பதிவுக்குக் காரணம். அதற்கப்புறம் இரண்டு வாரத்தில் பத்துப் பன்னிரண்டு கடை ஏறி இறங்கிவிட்டதால், இப்போது தைரியமாகச் சொல்லித் தரலாம். விசா, டிக்கெட், யென் மாற்றுவது எல்லாம் இங்கே இல்லை, நேராகக் கடைக்குள் போய்விடலாம்.

இலங்கை வாசகர்களுக்குப் பாதி வேலை முடிந்தது. ஜப்பானிய மொழியில் ரொட்டிக்குப் பெயர் 'பான்'. உங்கள் பாணும் அவர்கள் பானும் ஒரே போர்த்துக்கீசியக் கப்பலில் வந்திறங்கிய சொல்தான்.

படி 1: தட்டும் இடுக்கியும்

வாசல் பக்கத்திலேயே தட்டுகள் அடுக்கியிருக்கும், கூடவே இடுக்கிகள். இரண்டையும் எடுத்துக்கொண்டு நீங்களே பொறுக்க வேண்டியதுதான், யாரும் வந்து "என்ன வேணும்" என்று கேட்க மாட்டார்கள். இடுக்கியால் தொட்டதைத் திரும்ப வைக்கக் கூடாது. விலை அட்டையில் பெரும்பாலும் இரண்டு எண் இருக்கும். இரண்டில் தொகை அதிகமாக இருப்பது வரியோடு சேர்ந்தது, அதுதான் நீங்கள் கொடுக்கப்போவது.

படி 2: எதை எடுப்பது

முதல் முறை போகிறவர் ஆன்பான் எடுங்கள். உள்ளே அசுகி என்ற சிவப்புப் பயறை வேகவைத்துச் சர்க்கரை சேர்த்த பூரணம்; நம் காராமணிக்கு உறவுக்காரப் பயறு, போளி சாப்பிட்டு வளர்ந்த நாக்குக்கு அந்நியமாகவே இருக்காது. மசித்துச் சலித்தது கோஷிஆன், பயறு பயறாக இருப்பது த்சுபுஆன். எனக்கு இரண்டாவதுதான். டோக்கியோ போனால் கின்சாவில் கிமுராயா கடையை விடாதீர்கள். ஆன்பானை 1874-இல் உருவாக்கியதே அவர்கள்தான், அடுத்த ஆண்டு ஏப்ரலில் மெய்ஜி பேரரசருக்கே போனது, நடுவில் உப்பிட்ட செர்ரிப் பூ வைத்து. மாவு உப்புவதற்கு அரிசியில் வளர்த்த ஈஸ்ட்டைச் சேர்க்கிறார்கள், நம் ஊரில் ஆப்ப மாவில் கள் ஊற்றுவது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மெலன்பானில் பெரும்பாலும் மெலனே இருக்காது. மேலே பிஸ்கட் மாதிரி மொறுமொறுப்பான ஓடு, அதில் கட்டம் போட்ட கோடுகள், அவ்வளவுதான் சங்கதி. ஷியோபான் என்ற உப்பு பன்னுக்குள் வெண்ணெய் உருகி, அடிப்பாகம் பொரித்தது போல ஆகியிருக்கும். சூடாகக் கிடைத்தால் இரண்டு எடுங்கள்.

சைவக்காரர்கள் இங்கே நில்லுங்கள். கறி பன் (உள்ளே மசாலாக் குழம்பு அடைத்தது) என்று எண்ணெயில் பொரித்து வைத்திருப்பார்களே, அதில் மாட்டிறைச்சியோ பன்றி இறைச்சியோ இருப்பதுதான் வழக்கம். மேலே மக்காச்சோளம் மட்டும் தெரிகிறதே என்று நான் எடுத்த ஒரு பன்னுக்கு அடியில் சூரை மீனும் மயோனைசும் இருந்தது. கேமராவைக் காட்டினால் மொழிபெயர்க்கும் செயலிகள் அச்செழுத்தில் பரவாயில்லை, கையால் எழுதிய அட்டையில் உளறுகின்றன. அதனால் என் ஓட்டு காகிதத்துக்கே: தங்கும் விடுதி வரவேற்பில் கேட்டு, "இறைச்சியும் மீனும் சாப்பிட மாட்டேன்" என்று ஜப்பானிய மொழியில் ஒரு துண்டுச்சீட்டில் எழுதி வாங்கிப் பர்ஸில் வையுங்கள். மூன்று நொடியில் வேலை முடியும்.

படி 3: கல்லா (நான் விழுந்த இடம்)

தட்டைக் கொண்டுபோய் வைத்ததும் அந்தப் பெண் படபடவென்று ஏதோ கேட்டார். நான் "ஹை" (ஆமாம்) என்றேன். நான்கு பன்னும் பொட்டலம் கட்டாமல் வேறொரு தட்டுக்கு மாறின. இன்னொரு கேள்வி, இன்னொரு "ஹை". இப்போது அவர் காத்திருக்கிறார், நான் முழிக்கிறேன், பின்னால் வரிசை நீள்கிறது. கடைசியில் கையில் கிடைத்த அட்டையை நீட்டினால் அது விடுதி அறைச் சாவி. அவர் கேட்டது கடையின் பாயிண்ட் அட்டை.

இரவு விடுதியில் ஒருவரிடம் கேட்டுப் புரிந்துகொண்டது இதுதான். "தென்னாய்" என்று காதில் விழுந்தால் (நான் தென்னை என்று ஞாபகம் வைத்திருக்கிறேன்) இங்கேயே சாப்பிடுகிறீர்களா என்று அர்த்தம். இதற்கு வரி வேறு: 2019 அக்டோபரிலிருந்து எடுத்துப்போனால் 8 சதவீதம், உட்கார்ந்து சாப்பிட்டால் 10. 500 யென் பன்னுக்குப் பத்து யென்தான் வித்தியாசம், ஆனால் ரயிலைப் பிடிக்கிற அவசரத்தில் தட்டில் பரப்பி வைத்துவிட்டார்களே, அதுதான் பிரச்சினை. பார்சல் வேண்டுமென்றால் "மொச்சிகாயெரி". "புகுரோ" என்றால் பை. 2020 ஜூலையிலிருந்து பிளாஸ்டிக் பைக்குக் காசு, சொந்தப் பை இருந்தால் காட்டிவிடுங்கள். "பாயின்தோ காதோ" என்று வந்தால் கையை மட்டும் லேசாக ஆட்டி மறுத்துவிடலாம். தலையை ஆட்டாதீர்கள், நம் தலையாட்டல் ஆமாவா இல்லையா என்று நமக்கே சில நேரம் தெரியாது, அவர் பாவம்.

பணத்தைக் கையில் திணிக்காமல் முன்னால் இருக்கும் சின்னத் தட்டில் வையுங்கள். சின்னக் கடைகள் சில ரொக்கம் மட்டுமே வாங்கும், சில்லறைக்குத் தனிப் பர்ஸ் வைத்துக்கொள்வது நல்லது.

படி 4: தெருவில் நடந்துகொண்டே தின்பதை அங்கே பலர் விரும்புவதில்லை, குப்பைத்தொட்டியும் லேசில் கிடைக்காது. காகிதத்தைப் பைக்குள்ளேயே வையுங்கள்.

பின்சேர்க்கை: முட்டையே கூடாது என்றால் என்ன செய்வது என்று ஒரு தோழி கேட்டிருந்தார். இனிப்பு பன்களில் மாவிலேயே முட்டை கலந்திருக்க வாய்ப்பு அதிகம். பகெத் மாதிரி பிரெஞ்சு ரொட்டிக்குப் போங்கள், அது வழக்கமாக மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட்தான்.

இன்னொரு பின்சேர்க்கை: ஷொகுபான் என்ற சதுர ரொட்டி வாங்கினவர் ஒருவர், "எத்தனை என்று கேட்டார்கள், ஒன்று என்றேன், வெட்டாமல் முழுசாகக் கொடுத்துவிட்டார்கள்" என்று எழுதியிருக்கிறார். அவர்கள் கேட்டது எத்தனை துண்டாக வெட்டுவது என்று. நாலு என்றால் தலையணை கனம், எட்டு என்றால் சாண்ட்விச் கனம். "ரொக்குமாய்" என்று சொல்லுங்கள், ஆறு துண்டு வரும்.