ஊருக்குக் கொண்டுபோகும் பென்டிரைவ்

விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது பெட்டியில் என்ன அடுக்குவது, எத்தனை கிலோ என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். நான் சொல்ல வந்தது ஒரு பென்டிரைவைப் பற்றி. மூன்று வார விடுமுறையில் ஐந்து நாளை அது விழுங்கிவிட்டது.

ஓர் அலுவலகத்தில் பாஸ்போர்ட் நகல் கேட்டார்கள். முதல் பக்கம் கொடுத்தேன், கடைசிப் பக்கமும் வேண்டும் என்றார்கள். கொடுத்தேன். மறுநாள் எல்லாப் பக்கமும் வேண்டும், அதுவும் வண்ணத்தில். வரிசையில் நிற்கும்போது எனக்கு இந்த ஊர் மேல் வந்த கோபம், நான் இங்கேயே இருந்திருந்தால் வந்திருக்காது என்று நினைக்கிறேன். மூன்று தடவையும் அதே பென்டிரைவை அச்சு எடுக்கும் இடத்துக் கணினியில் செருகினேன். அன்று சாயங்காலம் பேரப்பிள்ளைகளின் படங்களைக் காட்ட அப்பாவின் கணினியிலும் செருகினேன்.

"என்னப்பா, எல்லாத்துலயும் ஒரு அம்புக்குறி?" என்றார் அப்பா. ஃபோல்டர் ஒவ்வொன்றின் மூலையிலும் சின்ன அம்பு; ஒவ்வொன்றும் ஓரிரு கேபிதான். அவை ஃபோல்டர்களே அல்ல, ஷார்ட்கட்கள். யோசிக்காமல் ஒன்றைத் திறந்தேன். படம் வந்தது. கூடவே வைரஸும் உள்ளே போனது.

"நெட்டே இல்லாத கம்ப்யூட்டர்ல வைரஸ் எப்படி வரும்?" என்றார் சித்தப்பா. 2010இல் வெளிச்சத்துக்கு வந்த ஸ்டக்ஸ்நெட் என்ற வைரஸ், இணையத்தோடு தொடர்பே இல்லாத ஈரானிய அணு ஆலைக்குள்ளும் பென்டிரைவ் வழியாகப் பரவக்கூடியதாக எழுதப்பட்டது. அதைச் சொன்னேன். "அப்ப உன் போன் நெட்டைப் போட்டுச் சரி பண்ணு" என்றார். அதை மட்டும் செய்யாதீர்கள். சுத்தம் செய்யும் முன் ஹாட்ஸ்பாட் கொடுத்தால், உள்ளே இருப்பது வெளியே பேசத் தொடங்கும். புதிதாக எதையாவது இறக்கியும் கொள்ளும்.

கையில் மருந்து வைத்திருப்பதாகத்தான் நானும் நினைத்தேன். வைரஸைத் தேடி நீக்கும் மைக்ரோசாஃப்ட் சேஃப்டி ஸ்கேனரைக் கிளம்பும் முன்பே இறக்கி வைத்திருந்தேன். இறக்கிய 10 நாளில் அது காலாவதியாகிவிடும் என்பதைப் படிக்காமல் விட்டது என் தவறு. அன்று பதினாறாம் நாள்.

பலித்த வழி இது. விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பான டிஃபெண்டரின் வைரஸ் பட்டியலை மைக்ரோசாஃப்ட் தளத்தில் தனிக் கோப்பாகவே தருகிறார்கள். போனில் இறக்கி, கேபிள் போட்டுக் கணினிக்கு மாற்றி, இயக்கினால் போதும். 32 பிட்டா 64 பிட்டா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். நான் மாற்றி இறக்கி அரை நாளைத் தொலைத்தேன். அப்புறம் டிஃபெண்டரில் ஆஃப்லைன் ஸ்கேன். கணினி மறுபடி தொடங்கி, விண்டோஸ் எழும்பும் முன்பே தேடும். சுமார் 15 நிமிடம்.

கோப்பை ஏற்றும் முன் டிஃபெண்டரின் திரையில்தான் பட்டியல் கடைசியாகப் புதுப்பிக்கப்பட்ட தேதியைப் பார்த்தேன். வீட்டில் இணைய இணைப்பைத் துண்டித்த மாதம் அது. வீடியோவில் பேசத்தான் அந்தக் கணினியை வாங்கிக் கொடுத்திருந்தேன். பிறகு போனிலேயே பேசப் பழகிவிட்டேன், அதுவும் வாரம் ஒருமுறை. "நீதான் போன்லயே பேசுறியே, அதுக்கு எதுக்கு மாசாமாசம் காசு" என்று அப்பா நிறுத்திவிட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை. கோப்பு ஏறும் வரை திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சரி, பென்டிரைவுக்கு வருவோம். கணினி சுத்தமாகும் முன் பென்டிரைவைச் சுத்தம் செய்வது வீண். செருகிய கணத்தில் அம்புகள் மறுபடி முளைக்கும், நான் இரண்டு முறை பார்த்தேன். உங்கள் கோப்புகள் பெரும்பாலும் அழிந்திருக்காது, மறைக்கப்பட்டிருக்கும். பண்புகளில் போய் மறைப்பை எடுக்கப் பார்த்தால் அந்தக் கட்டம் மங்கலாக இருக்கும், சிஸ்டம் கோப்பு என்ற முத்திரையையும் வைரஸ் குத்தியிருப்பதால். கட்டளைத் திரையில் (Command Prompt) அட்ரிப் (attrib) கட்டளையால் இரண்டு முத்திரைகளையும் நீக்குங்கள். என் படங்கள் பெயரே இல்லாத ஒரு ஃபோல்டருக்குள் கிடந்தன. ஷார்ட்கட்களையும், தெரியாத ஸ்கிரிப்ட் கோப்புகளையும் அழித்துவிடலாம்.

விண்டோஸே எழும்பவில்லையா? விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்ற இன்னோர் இயங்குதளத்தை நேரடியாக ஓட்டும் ஒரு டிவிடி உதவும். விண்டோஸ் வைரஸ் அதில் ஓடாது. படங்களை மட்டும் வெளியே எடுத்துவிட்டு விண்டோஸைப் புதிதாக நிறுவலாம். வீட்டுப் பழைய கணினியில் டிவிடி டிரைவ் இருந்தால், பென்டிரைவைவிட டிவிடியே மேல். ஒருமுறை எழுதி மூடிய வட்டில் வைரஸ் ஏற முடியாது. அச்சு எடுக்கும் இடத்தில் மின்னஞ்சலைத் திறந்திருந்தால் கடவுச்சொல்லை உடனே போனிலிருந்து மாற்றுங்கள்.

ஆவணத்துக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என்று இரண்டு பென்டிரைவ் கொண்டுபோங்கள். கிளம்பும் முன் நான் செய்த வரிசையை அப்பா தன் டைரியில் எழுதிக்கொண்டார். எட்டிப் பார்த்தேன். முதல் வரி: "மகன் கொண்டுவரும் பென்டிரைவைச் செருகக் கூடாது."