மூக்கு அலர்ஜிக்கு மூலிகை: பெங்களூரில் நாம் சறுக்கும் இடங்கள்

பெங்களூருக்குக் குடிவந்த ஓரிரு வருடத்தில் காலைத் தும்மல் ஆரம்பித்துவிட்டது என்ற புலம்பல் அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் சகஜம். உடனே வாட்ஸ்அப்பில் வைத்தியம் வந்து குவியும். செடியிலிருந்து அலர்ஜி மருந்து வராது என்று சொல்லவில்லை. குரோமோகிளைகேட் என்ற மூக்கு ஸ்பிரே, அம்மி விஸ்நாகா செடியில் உள்ள கெல்லின் என்ற வேதிப்பொருளை ஆராயப் போய்க் கிடைத்ததுதான். அதற்காகச் செடியையே மென்றால் ஸ்பிரேயின் பலன் வராது.

பெரிய தவறு, செடியின் குடும்பத்தைப் பார்க்காமல் வாங்குவது. பட்டர்பர் என்ற வெளிநாட்டு மூலிகையின் இலைச்சாறு, செடிரிசின் என்ற அலர்ஜி மாத்திரைக்கு ஏறக்குறைய ஈடாக வேலை செய்ததாக 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆய்வு வந்தது. 125 பேர், இரண்டே வாரம். அதை நம்பி ஆன்லைனில் ஆர்டர் போடுகிறவர்கள் கவனிக்காதது இரண்டு. சரியாகச் சுத்திகரிக்காத பட்டர்பரில் கல்லீரலைக் கெடுக்கும் பைரோலிசிடின் ஆல்கலாய்டுகள் இருக்கும். இன்னொன்று நம் ஊர்க்காரர்களுக்கு முக்கியம்: பட்டர்பர், காலிமனையெல்லாம் முளைத்துக் கிடக்கும் பார்த்தீனியம், ‘கெமோமைல் டீ’ போடும் சீமைச்சாமந்தி மூன்றும் சூரியகாந்திக் குடும்பம். பார்த்தீனிய மகரந்தம் ஒத்துக்கொள்ளாதவருக்கு மற்ற இரண்டும் தும்மலைக் கூட்டிவிடலாம்.

பாலில் போடும் சிட்டிகை மஞ்சளைப் பற்றிக் கவலை வேண்டாம்; அதிலுள்ள குர்குமின் ரத்தத்தில் சேர்வதே சொற்பம். மிளகின் பைப்பரின் சேர்த்த குர்குமின் மாத்திரை வேறு கதை. பைப்பரின் நீங்கள் சாப்பிடும் மற்ற மருந்துகள் சிலவற்றின் அளவையும் உடலில் ஏற்றிவிடும். இத்தகைய மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களும் உண்டு.

ஆடாதோடை சளிக்கான செடி. அதிலுள்ள வாசிசின் என்ற பொருளை வைத்துத்தான் புரோம்ஹெக்சின் என்ற சளி இளக்கும் மருந்து உருவானது. தும்மலுக்கு அதைக் குடிப்பதில் அர்த்தமில்லை. கர்ப்பிணிகள் தொடவே கூடாது, கருப்பையைச் சுருங்க வைக்கும்.

யூகலிப்டஸ், மெந்தால் ஆவி மூக்கு திறந்த மாதிரி ஓர் உணர்வைத் தரும், அவ்வளவுதான். மூக்கில் எண்ணெய் விடும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரலாம்.

டாக்டர் கொடுத்த ஸ்டீராய்டு ஸ்பிரே முழுப் பலன் தரச் சில நாட்கள் முதல் ஓரிரு வாரம் பிடிக்கும். இரண்டாம் நாளே அதை நிறுத்திவிட்டுக் கஷாயத்துக்கு மாறுகிறார்கள். அதற்குள் மகரந்த சீசன் ஓய்ந்துவிடும், பெயர் கஷாயத்துக்குப் போய்விடும். எதற்கு அலர்ஜி என்று தோல் பரிசோதனை செய்துகொள்வது உத்தமம். அதற்கு முன் செடிரிசினைச் சில நாட்கள் நிறுத்தச் சொல்வார்கள். அப்போது நீங்கள் எடுக்கும் மூலிகைகளின் பட்டியலையும் டாக்டரிடம் கொடுத்துவிடுங்கள்.