சுருக்கி எழுதச் சொல்லித்தரும்போது நாம் செய்யும் தவறுகள்

பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி கட்டுரையில் எழுதியிருந்த வரி இது:

‘எங்கள் ஊரில் அமைந்துள்ள ஏரியானது தூர்வாரப்படாத நிலையில் இருந்து வருகின்ற காரணத்தினால் மழைக்காலங்களில் தண்ணீர் தேங்க முடியாத சூழ்நிலை நிலவி வருகிறது என்பது குறிப்பிடத்தக்கதாகும்.’

ஓரத்தில் ‘சுருக்கமாக எழுதவும்’ என்று சிவப்பு மையில் எழுதி நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன். அவள் ‘எங்கள் ஊரில் அமைந்துள்ள’ என்பதை எடுத்துவிட்டாள். எந்த ஏரி என்பதே போய்விட்டது. ‘குறிப்பிடத்தக்கதாகும்’ அப்படியே நின்றது. எதை எடுப்பது என்று காட்டாமல் சுருக்கச் சொன்னது என் தவறு.

அப்புறம் பக்கத்தில் உட்கார வைத்து ஒவ்வொரு சொல்லாகத் தொட்டு, ‘இதை எடுத்தால் என்ன குறையும்?’ என்று கேட்டேன். ‘நிலையில் இருந்து வருகின்ற’ போனது, ‘சூழ்நிலை நிலவி’ போனது. ‘காரணத்தினால்’ செய்யும் வேலையை ‘ஆல்’ என்ற உருபே செய்துவிடும். கடைசியில் நின்றது: ‘எங்கள் ஊர் ஏரியைத் தூர்வாராததால் மழைநீர் தேங்குவதில்லை.’ 18 சொல் 6 ஆனது. உடனே அவளே கேட்டாள்: ‘யார் தூர்வாரவில்லை?’ நீள வரியில் அந்தக் கேள்வி ஒளிந்தே கிடந்தது.

அவசரத்தில் நாமே அடித்துத் திருத்திக் கொடுப்பது அடுத்த தவறு. பிள்ளைகள் நம் வரியைப் பார்த்து எழுதிக்கொள்வார்கள். அடுத்த கட்டுரையில் ‘குறிப்பிடத்தக்கது’ திரும்ப வரும்.

பக்கத்தை எண்ணி மதிப்பெண் போடுவது இன்னொன்று. சுருக்கி வரைதல் கேள்விக்கு மட்டும் மூன்றில் ஒரு பங்கு கேட்டுவிட்டு, மற்றதற்கெல்லாம் ‘இன்னும் ரெண்டு பக்கம் எழுது’ என்றால் அவர்கள் எதைத்தான் நம்புவார்கள்?

குறைந்தால் போதும் என்று நினைப்பதும் தவறுதான். நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் முதலில் வருவது ‘குன்றக் கூறல்’, அதன் பிறகுதான் ‘மிகைபடக் கூறல்’. பத்து அழகுகளிலும் ‘சுருங்கச் சொல்லல்’ தனியாக நிற்பதில்லை, அடுத்தே ‘விளங்க வைத்தல்’ வருகிறது. ஊர்ப்பெயர், ஆண்டு, எண், எடுத்துக்காட்டு இவற்றில் கை வைக்கவே கூடாது என்று சொல்லிவிடுகிறேன்.

முதல் படியிலேயே சுருக்கச் சொன்னால் பாதிப் பிள்ளைகள் பேனாவைத் தொடவே பயப்படுகிறார்கள். அதனால் முதல் படியை இஷ்டம்போல எழுதவிட்டு, வாங்கி வைத்துக்கொண்டு, இரண்டு நாள் கழித்துத் தருகிறேன். சரி, இப்போது சத்தமாகப் படியுங்கள் என்பேன். மூச்சு வாங்கும் இடத்தில் பென்சில் தானாகவே இறங்குகிறது.