ஸ்பானிஷ் தெரியாமல் லத்தீன் பாட்டு கேட்பது எப்படி?

லத்தீன் பாட்டு என்றால் லத்தீன் மொழிப் பாட்டு இல்லை, லத்தீன் அமெரிக்க நாடுகளின் பாட்டு, பெரும்பாலும் ஸ்பானிஷில் இருக்கும். மொழி புரியாதே என்று தயங்காதீர்கள். பாலக்காட்டின் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் வீட்டில் தமிழும் கடைவீதியில் மலையாளமுமாக வளர்ந்த நமக்கு, புதுப் பாட்டுக்குள் நுழையத் தாளம் ஒன்று போதும்.

ரெகெடோன் என்ற ஸ்பானிஷ் ஆட்டப் பாட்டு வகையில் தொடங்குங்கள். எட்டு எண்ணிக்கையை தகிட தகிட தக என்று வாயால் சொல்லிக்கொண்டே இருங்கள், மிருதங்கம் படிக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் சொல்லிக்கொடுத்துவிடும். அப்புறம் கால் 1, 5-இல் விழட்டும், கைதட்டு 4, 7-இல் வரட்டும். இதுதான் ரெகெடோனின் அடிப்படையான டெம்பௌ (dembow) தாளம். ஜமைக்காவின் டான்ஸ்ஹால் என்ற இசை வகையில் கிளம்பி, பனாமாவில் ஸ்பானிஷுக்கு மாறி, 1990களில் புவேர்ட்டோ ரிக்கோவில் கேசட் கேசட்டாகப் பரவியது. கை பழகியதும் புவேர்ட்டோ ரிக்கோ பாடகர் டாடி யாங்கியின் 2004 பாட்டு 'கசோலினா'வைப் போட்டுப் பாருங்கள்.

அடுத்து 2017-இல் வந்த 'டெஸ்பாசிட்டோ'. ஆங்கிலத்தில் பாடும் ஜஸ்டின் பீபர் சேர்ந்த ரீமிக்ஸ் வந்த பிறகுதான் அது அமெரிக்கப் பாட்டுத் தரவரிசையான பில்போர்டு ஹாட் 100-இல் 16 வாரம் முதலிடத்தில் நின்றது, ஆனாலும் லூயிஸ் ஃபோன்சியும் டாடி யாங்கியும் மட்டும் பாடிய மூலத்தையே கேளுங்கள் என்பேன், ஏனென்றால் அடுத்து வந்தவர்களுக்கு ஆங்கிலத் துணை தேவைப்படவில்லை: ஸ்பானிஷிலேயே பாடும் பேட் பன்னிதான் 2020, 2021, 2022 மூன்று வருடமும் பாட்டு கேட்கும் ஆப்பான ஸ்பாட்டிஃபையில் உலகிலேயே அதிகம் கேட்கப்பட்டவர். முன்பு அமெரிக்க ரேடியோ எதைப் போடுகிறதோ அதுதான் உலகப் பாட்டு. மெக்சிகோ சிட்டியிலும் மாட்ரிட்டிலும் சாண்டியாகோவிலும் கேட்கிறவர்கள் இப்படிப்பட்ட ஆப்களில் ஒரே கணக்கில் சேர்ந்ததும் நிலைமை மாறியது, எனக்கு இதில் உண்மையாகவே சந்தோஷம்.

சரி, லத்தீன் என்று எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். டொமினிகன் குடியரசின் பச்சாட்டாவில் கிட்டாரைக் கவனியுங்கள், நியூயார்க்கில் வளர்ந்த சால்சாவில் டிரம்பெட், டிராம்போனை. மெக்சிகோவின் கதைப் பாட்டு வகையான கொர்ரிடோவில் புதிதாக வருபவற்றில் பெரும்பாலும் டிரம்ஸே இருக்காது, 2023-இல் எஸ்லாபோன் அர்மாடோவும் பெசோ ப்ளூமாவும் அப்படி ஒரு பாட்டோடுதான் ஹாட் 100-இன் முதல் பத்துக்குள் போனார்கள்.

ஆப் தரும் ஹிட் பட்டியலோடு நிற்காமல், பிடித்த பாட்டின் முழு ஆல்பத்தையும் கேட்டு லைக் போடுங்கள், அடுத்த பரிந்துரைகள் அதை வைத்துத்தான் வரும். கோவை பஸ்ஸில் கேட்பதென்றால் நல்ல இயர்போன் கட்டாயம், போன் ஸ்பீக்கரில் பேஸ் வராது, பேஸ் இல்லாத ரெகெடோன் பாதிப் பாட்டுதான்.