‘கொஞ்சம்’ என்பதற்கு ஆங்கிலத்தில் இரண்டு முகம்

கொழும்பு வெள்ளவத்தையில் என்னிடம் ஆங்கிலம் படிக்கும் மாணவி ஒருத்தி, வேலைக்கான விண்ணப்பக் கடிதத்தைக் காட்டினாள். கணக்கியலில் எட்டு மாதம் பயிற்சி பெற்றவள். ‘ஐ ஹேவ் லிட்டில் எக்ஸ்பீரியன்ஸ்’ என்று எழுதியிருந்தாள். கொஞ்சம் அனுபவம் உண்டு என்று சொல்ல நினைத்திருக்கிறாள். வாசிப்பவருக்கோ, அனுபவமே இல்லாத குறை என்றுதான் படும். ‘லிட்டில்’ என்பதற்கு முன்னால் ‘எ’ என்ற ஓரெழுத்தைச் சேர்த்துக் கொடுத்தேன். எட்டு மாத உழைப்பு கடிதத்துக்குள் திரும்பி வந்தது.

தமிழில் ‘தான்’ நமக்குக் கைகொடுக்கிறது. கொஞ்சம் சீனி இருக்கிறது என்றால் தேநீர் போடலாம். கொஞ்சந்தான் இருக்கிறது என்றால் கடைக்குப் போக வேண்டும். ஆங்கிலத்தில் ‘எ லிட்டில் சுகர்’ முதலாவது, ‘லிட்டில் சுகர்’ இரண்டாவது. ‘எ’ இல்லாவிட்டால் அங்கே ஒரு ‘தான்’ வந்து உட்கார்ந்துவிடுகிறது. இதை மட்டும் மனத்தில் பதித்தால் பாதித் தவறுகள் ஓடிவிடும். எண்ணக்கூடியவற்றுக்கு ‘எ ஃபியூ’, ‘ஃபியூ’. நூல் வெளியீட்டுக்கு ‘ஃபியூ பீப்பிள் கேம்’ என்று எழுதினால் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன என்று பொருள்.

‘குறைவு’ என்று சொல்லும் ‘லெஸ்’, ‘ஃபியூவர்’ இரண்டுக்கும் அதே எண்ணும் கணக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை கொழும்பு–காலி வீதியில் ‘லெஸ் டிராஃபிக்’, ‘ஃபியூவர் பஸ்ஸஸ்’. ஆங்கிலேயரே பேச்சில் இதை மீறுவதுண்டு. பரீட்சையில் நீங்கள் மீறாதீர்கள்.

‘சின்னச் சின்னப் பிரச்சினைகள்’ என்பதை ‘ஸ்மால் ஸ்மால் ப்ராப்ளம்ஸ்’ ஆக்குவது கொழும்பில் தமிழருக்கு மட்டும் உள்ள பழக்கமல்ல. சிங்களத்திலும் ‘பொடி பொடி’ என்று அடுக்குவார்கள். கேட்க எனக்குப் பிடிக்கும். ஆனால் அலுவலகக் கடிதத்தில் ‘எ ஃபியூ ஸ்மால் ப்ராப்ளம்ஸ்’ என்றே எழுதுங்கள்.

‘எ ஸ்மால் ஹெல்ப்’ என்று கேட்பதும் அப்படியே. உதவியை ஆங்கிலம் எண்ணுவதில்லை. ‘எ லிட்டில் ஹெல்ப்’ என்று கேளுங்கள். இலேசான காய்ச்சல் என்று வைத்தியரிடம் சொல்லும்போது ‘ஸ்மால் ஃபீவர்’ வேண்டாம், ‘எ ஸ்லைட் ஃபீவர்’.

நுண்ணியது என்று பொருள்படும் சொல்லை, நிமிடத்தைக் குறிக்கும் சொல்லின் அதே எழுத்துகளில்தான் எழுதுவார்கள். ஆனால் அதை ‘மினிட்’ என்று வாசிக்கக் கூடாது. ‘மைனியூட்’ என்று பிற்பகுதியை அழுத்திச் சொல்ல வேண்டும். சிறியது என்ற பொருளுள்ள இலத்தீன் சொல்லொன்றிலிருந்து பிறந்தவை இரண்டும். மணியைச் சிறு கூறாக்கியதால்தான் நிமிடத்துக்கும் அந்தப் பெயர்.